வன்னிக் களப்புகளின் மட்டி: உணவு மதிப்பும் நீரின் தூய்மையும்

கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் எனக் களப்புகள் நிறைந்தது வன்னிக் கரை. முழங்காலளவு நீரில் நின்று, கால்விரலால் சேற்றைத் துழாவி எடுக்கும் மட்டிக்குப் பெரிய முதல் தேவையில்லை; வள்ளமும் வலையும் இல்லாத குடும்பத்துக்கும் அது எட்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குச் சொல்லப்படும் சத்துணவுப் பட்டியலில் முருங்கை இலைக்கும் நெத்தலிக்கும் பக்கத்தில் மட்டிக்கும் இடம் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் களப்பு நீரைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாமல் அந்தப் பரிந்துரையைச் செய்யக்கூடாது.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, மட்டிக்கு உறவான நீல ஓட்டுச் சிப்பியின் அவித்த சதை 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 24 கிராம், கொழுப்பு 4.5 கிராம், இரும்பு 6.7 மில்லிகிராம். உயிர்ச்சத்து பி12 மட்டும் 24 மைக்ரோகிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4. இனம், பருவம், நீரின் உவர் ஆகியவற்றுக்கேற்ப இந்த எண்கள் மாறும். ஆனாலும் குருதிச்சோகை உள்ள வீட்டில் இந்தச் சதையை அலட்சியப்படுத்த முடியாது. கறியை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுவது இரும்பு உடலில் சேர உதவும்; சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது அதைத் தடுக்கும். சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வவுனியாவில், நோயாளர்கள் உப்பையும் புரதத்தையும் கருதி மருத்துவரைக் கேட்ட பின்பே இதை உண்ண வேண்டும்.

மட்டி நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் உள்ள கிருமியும் அதன் உடலில் சேரும். 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பியால் ஏறக்குறைய 3 இலட்சம் பேருக்கு ஹெபற்றைற்றிஸ் ஏ தொற்றியது. 2009இல் போரால் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அதே நோய் பரவியதை வன்னி மறந்திருக்காது. ஓடு திறந்ததும் அடுப்பை அணைப்பது போதாது. சதையின் உட்பகுதி 90 பாகை செல்சியசில் குறைந்தது 90 வினாடி வேக வேண்டும்.

கிருமிக்கு நெருப்புப் போதும். நுண்பாசி நஞ்சுக்குப் போதாது. 1981இல் தமிழ்நாட்டின் வாயலூரில் மட்டி உண்ட மூவர் இறந்தனர். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்ட ஏழு பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். இத்தகைய நிகழ்வுகளுக்குக் காரணமான நஞ்சு சமையல் வெப்பத்தில் அழியாது. நீரில் கரைந்து அவித்த சாற்றில் இறங்கும். சத்து வீணாகாமல் சாற்றை வடித்துச் சொதி வைப்பது நல்ல வழக்கம்தான். நச்சுப்பாசி பெருகிய நாளில் அதே சாறுதான் ஆபத்து. சுவையோ மணமோ எதையும் காட்டிக் கொடுக்காது.

ஆகவே பொறுப்பைச் சமைப்பவளின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. மாரியின் முதல் வெள்ளம் வயல் மருந்தையும் மலசலகூடக் கழிவையும் களப்புக்குள் கொண்டுவரும் வாரங்களிலும், முகத்துவாரம் மண்மூடி நீர் தேங்கும் மாதங்களிலும் நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவும் சுகாதாரப் பணிமனைகளும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவு அலுவலகக் கோப்போடு நிற்காமல், பெண்கள் களப்பில் இறங்கும் துறைகளில் அன்றைக்கே அறிவிக்கப்பட வேண்டும். தடை விழும் நாட்களில் அவர்கள் இழக்கும் வருமானத்துக்கு ஈடும் அதே திட்டத்தில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் பசி அந்தத் தடையை மீறும்.