அப்பாவின் வெள்ளியும் என் சிமெண்டும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, கூட ஆணி புடுங்குற நண்பர்களோட செஞ்சிக் கோட்டை ஏறினேன். ராஜகிரி உச்சியில உக்காந்து வறுத்த வேர்க்கடலை. கடக்! மூணு வருஷம் முன்னாடி கடைவாய்ப் பல்லுல அடைச்ச வெள்ளை சிமெண்ட் கையோட வந்துடுச்சு. ஔரங்கசீப் படைக்கு இந்தக் கோட்டையைப் பிடிக்க 1690-லிருந்து 1698 வரை ஆச்சு. என் பல்லுக்கு ஒரே ஒரு கடலை :-)

கீழே இறங்கி டாக்டர்கிட்ட போனா, கண்ணாடியில காட்டினார். அடைச்ச இடத்தைச் சுத்தி பழுப்பா ஒரு கோடு. "சிகரெட் உண்டா தம்பி?"

வீட்ல அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. பீடி பிடிச்ச மனுஷன். 1994-ல அடைச்ச வெள்ளி 28 வருஷம் அசையவே இல்லையாம். அது எப்படின்னு தேடினதுல கிடைச்ச மேட்டர்தான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

வெள்ளின்னு நாம சொல்றது பாதியளவு பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. 1833-ல கிராக்கூர் சகோதரர்கள் இதை நியூயார்க்குக்குக் கொண்டு போனாங்க. அங்கே பல் மருத்துவர்களுக்குள்ள பெரிய அடிதடி. பாதரசம் தொடமாட்டேன்னு உறுப்பினர்கள்கிட்ட கையெழுத்து கேட்ட சங்கம், 1856-ல கலைஞ்சே போச்சு. 1890-கள்ல ஜி.வி.பிளாக் கலவை விகிதத்தைச் சரிபண்ணினதும் வெள்ளி நிலைச்சுது.

புகைபிடிக்கிறவன் வாயில இது ஏன் தாக்குப்பிடிக்குது? இது பல்லோட ஒட்டுறதே இல்லை, குழியோட வடிவத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. நாளாக ஆக அரிச்சு வர்ற துருவே ஓரத்து இடைவெளியை அடைச்சிடும். கறை? ஏற்கெனவே கருப்பு, அதுக்கு மேல என்ன கறை!

(சுருட்டும் நம்ம சரக்குதான். ஆங்கில 'செரூட்' தமிழ்லருந்து போனது. 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்ல கொலைகாரன் பிடிச்சது திருச்சி சுருட்டு.)

வெள்ளைச் சிமெண்டோட கதை வேற. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி உலோகத்தை அமிலத்துல கழுவுறதைப் பார்த்து, அதையே பல்லுல செஞ்சு பார்த்தார் புவனகோர், 1955-ல. 1962-ல போவன் புது பிசினுக்குக் காப்புரிமை வாங்கினார். அழகா ஒட்டும். ஆனா இறுகும்போது சுருங்கும், அதனால உயிர்நாடியே அந்த ஓரத்து ஒட்டுதான். புகையோட தார் மேற்பரப்புலயும் ஓரத்துலயும் கறையாப் படியுது. மேற்பரப்பு சொரசொரப்பானா அழுக்கு சேரும், ஓரத்துல மறுபடி சொத்தை. என் பல்லு போனதுக்கு புகை மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா பிட்ஸ்பர்க் நோயாளிகளை வெச்சு 2017-ல வந்த ஒரு ஆய்வுல, புகைபிடிக்கிற ஆண்களுக்கு அடைப்பு அதிகமா தோத்திருக்கு. வெள்ளிக்கும் சிமெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லைன்னும் அதே ஆய்வு சொல்லுது. அப்பாகிட்ட இதை நான் சொல்லலை.

வெள்ளிக்கே திரும்பிடலாம்னாலும் வழி குறுகுது. 2013 மினமாட்டா உடன்படிக்கை பாதரசத்தைக் குறைக்கச் சொல்லுது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து வெள்ளி அடைப்பை ஏறக்குறைய நிறுத்திடுச்சு.

அப்பாவோட 28 வருஷக் கணக்கு 2022-ல ஏன் முடிஞ்சுதுன்னு அம்மாதான் சொன்னாங்க. வெள்ளி விழலை. பல்லே ஆடி, வெள்ளியோட சேர்ந்து விழுந்துச்சு. புகை பிடிச்சா ஈறு உள்ளே கெட்டுக்கிட்டே இருக்கும், ஆனா ரத்தம் சரியா கசியாது. அதனால தெரியவே தெரியாதாம். அம்மா அந்தப் பல்லை ஒரு மஞ்சத்தூள் டப்பாவுல போட்டு வெச்சிருக்காங்க. எடுத்துப் பார்த்தேன், வெள்ளி கிண்ணுனு இருக்கு.

டாக்டர் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கார். சட்டைப் பையில இன்னும் நாலு சிகரெட் மிச்சம் இருக்கு.