நிலவின் கலைகள்

நிலவின் கலைகள் என்பன, புவியிலிருந்து பார்க்கும்போது நிலவின் ஒளிபெற்ற பகுதி நாளுக்கு நாள் வெவ்வேறு வடிவில் தோன்றுவதைக் குறிக்கும். இவை பிறைகள் எனவும் அழைக்கப்படுகின்றன. நிலவின் உண்மையான வடிவம் மாறுவதில்லை. சூரியன், நிலவு, புவி ஆகியவற்றின் சார்பு நிலைகள் மாறுவதே இத்தோற்ற மாற்றத்துக்குக் காரணமாகும்.

காரணம்

நிலவு தானாக ஒளிர்வதில்லை. சூரிய ஒளியைத் தெறிக்கிறது. அது கோள வடிவினது ஆதலால், சந்திர கிரகண வேளை தவிர, எப்போதும் அதன் ஒரு பாதி ஒளிபெற்றும் மறுபாதி இருண்டும் இருக்கும். நிலவு புவியைச் சுற்றி வரும்போது, ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு பகுதி புவியை நோக்கியுள்ளதோ அவ்வளவே நமக்குத் தெரிகிறது.

முக்கிய கலைகள்

* அமாவாசை: நிலவு சூரியன் இருக்கும் திசையில் இருக்கும். ஒளிபெற்ற பாதி புவிக்கு அப்பால் திரும்பியிருப்பதால் நிலவு தெரிவதில்லை.
* வளர்பிறை: அமாவாசைக்குப் பின் ஒளிபெற்ற பகுதி கூடிவரும். பிறை மாலையில் மேற்கு வானில் தோன்றும்.
* அரைநிலவு: புவியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட கோணம் 90 பாகையாகும்போது பாதி வட்டம் தெரியும்.
* பௌர்ணமி: நிலவு சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும். எனவே சூரியன் மறையும் வேளையில் முழுநிலவு கிழக்கே எழுகிறது.
* தேய்பிறை: பௌர்ணமிக்குப் பின் ஒளிபெற்ற பகுதி குறைந்துவரும். மெலிந்த பிறை விடியலுக்கு முன் கிழக்கு வானில் தோன்றும்.

புவியின் நிழலும் கலைகளும்

புவியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகிறது என்பது தவறான கருத்தாகும். அந்நிழல் சூரியனுக்கு எதிர்ப்புறத்திலேயே விழும். பிறைநிலவோ சூரியனுக்கு அருகாமைத் திசையிலேயே காணப்படும். அரைநிலவும் சூரியனும் ஒருசேரப் பகல் வானில் தெரிவதுண்டு. பௌர்ணமியன்று மட்டுமே நிலவு புவியின் நிழலுக்குள் செல்லக்கூடும். அதுவே சந்திர கிரகணம். நிலவின் சுற்றுப்பாதை, புவியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளதால், ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் நிகழ்வதில்லை.

சுழற்சிக் காலம்

விண்மீன்களைச் சார்ந்து நிலவு புவியை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 27.3 நாட்கள் ஆகும். இக்காலத்தில் புவியும் சூரியனைச் சுற்றி ஏறத்தாழ 27 பாகை நகர்ந்துவிடுவதால், நிலவு மீண்டும் அதே கலையை அடைய மேலும் இரண்டு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எனவே ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாட்களாகும்.

திதி

பஞ்சாங்கத்தின் திதிகளும் இக்கோணத்தையே அடிப்படையாகக் கொண்டவை. நிலவு சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதியாகும். 360 பாகைக்கு 30 திதிகள். வளர்பிறையில் 15, தேய்பிறையில் 15. 90 பாகை எட்டாம் திதியின் நடுவில் அமைவதால், அட்டமியையொட்டியே அரைநிலவு தோன்றுகிறது.

பிற கோள்களின் கலைகள்

வெள்ளி, புதன் ஆகிய கோள்களும் கலைகளைக் காட்டுகின்றன. கலிலியோ கலிலி 1610ஆம் ஆண்டில் தொலைநோக்கி வழியாக வெள்ளியின் கலைகளைக் கண்டறிந்தார். வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு இது முக்கிய சான்றாக அமைந்தது.