பெயரற்ற மதுரை அரசி

மதுரை சுல்தான்களின் ஆட்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே நீடித்தது. அதை எழுதியவர்கள் சுல்தான்களையும் காசுகளையும் போர்களையும் வரிசைப்படுத்தினர். அரண்மனைப் பெண்களுக்கு அந்த வரிசையில் இடமிருக்கவில்லை. அவர்களுள் ஒருவர் கியாசுத்தீன் தாமகானியின் மனைவி.

முகமது பின் துக்ளக்கின் ஆளுநராயிருந்த ஜலாலுத்தீன் அசன் ஷா 1335 வாக்கில் தில்லியை உதறி மதுரையில் தனியரசு நிறுவினார். அவருடைய மகள் இவர். சில ஆண்டுகளில் தந்தை கொல்லப்பட்டார். அடுத்து வந்த உதௌஜி போர்க்களத்தில் அம்பு பட்டு மாண்டார். குத்புத்தீன் நாற்பதே நாட்களில் கொலையுண்டார். அதன் பிறகே கியாசுத்தீன் அரியணை ஏறினார். குதிரைவீரராக வாழ்வைத் தொடங்கிய அவருக்கு, முதல் சுல்தானின் மருமகன் என்பது சிறிய தகுதியாக இருந்திருக்காது.

இந்த அரசியை நாம் அறிவது இப்னு பதூதாவின் பயண நூல் வழியாகத்தான். இவருடைய சகோதரி ஹூர்நசபை பதூதா தில்லியில் மணந்திருந்தார். 1344 வாக்கில் இலங்கையிலிருந்து வந்த அவருடைய கப்பல் தமிழகக் கரையருகே சிதைந்தபோது இந்த உறவு கைகொடுத்தது. வந்திருப்பவர் தம் சகலை என்றறிந்த சுல்தான் பல்லக்கும் குதிரைகளும் அனுப்பி அழைத்துக்கொண்டார். ஹூர்நசபின் பெயரையும், இரவு கண்விழித்துத் தொழும் அவருடைய பக்தியையும் பதூதா பதிவு செய்கிறார். அரசியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

மாலத்தீவைக் கைப்பற்றவும், அதை ஆண்ட அரசி கதீஜாவின் தங்கையைக் கியாசுத்தீனுக்கு மணமுடிக்கவும் சகலைகள் இருவரும் திட்டமிட்டனர். படையெடுப்பும் திருமணமும் ஒரே பேச்சில் முடிவாயின. மதுரை அரசி அதை எப்படி எதிர்கொண்டார் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு கொள்ளைநோய் வந்தது. சுல்தானின் தாய், மனைவி, மகன் மூவரையும் தாக்கியது. சிறிது காலத்தில் சுல்தானும் இறந்தார். அடுத்துப் பட்டமேறிய நாசிருத்தீன், கியாசுத்தீனின் மகளை மணந்திருந்தவரைக் கொன்று அப்பெண்ணைத் தாமே மணந்துகொண்டார். அரசகுலப் பெண்ணின் கை, ஆட்சியுரிமைக்கு முத்திரையாக மீண்டும் பயன்பட்டது.

ஒரு தலைமுறைக்குப் பின் மதுரையை வென்றவர் விஜயநகர இளவரசர் குமார கம்பணர். அவருடைய மனைவி கங்காதேவி, அந்த வெற்றியை 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியமாக இயற்றினார். இன்றும் அவரைப் பெயர் சொல்லிப் படிக்கிறோம். ஒரே நகரின் வரலாற்றில் வந்துபோன அரச மனைவியர் இருவர். ஒருவரின் கையில் எழுத்தாணி இருந்தது. மற்றவர் வேறொருவரின் பயணக் குறிப்பில் உறவுமுறையாக மட்டும் எஞ்சினார்.