மணிக்கூடும் நாழிகையும்

ஆதவனை ஒரு கணமேனும் முந்தி உதிக்கச் செய்ய வல்ல அரசு உலகில் இல்லை. மணிக்கூட்டு முள்ளையோ ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். அவ்வாறு மாற்றியதால் நம் நாட்டார் பட்ட இடர்களை மூத்தோர் அனுபவித்தே அறிவர். இளைஞராகிய நாமும் அறிதல் நன்று.

கோடையில் மணிக்கூட்டை முன்தள்ளிப் பகலொளியை மிச்சம்பிடிக்கும் யோசனையை 1907ஆம் ஆண்டிலே வில்லியம் வில்லற் என்னும் ஆங்கிலேயர் சிறு நூலாக வெளியிட்டார். முதலாம் உலக மகாயுத்தத்தின்போது, 1916இல், ஜேர்மனியும் அடுத்துப் பிரித்தானியாவும் அதனைக் கைக்கொண்டன. இலண்டனிலே கோடையின் நெடும் பகலுக்கும் மாரியின் குறும் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேற்றுமை உண்டு. ஆதலின் அந்நாட்டுக்கு அது பொருந்தும். யாழ்ப்பாணத்திலோ அவ்வேற்றுமை ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம்.

1906 முதல் இலங்கை நேரம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியதாக இருந்து வந்தது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், 1942இல், இருமுறை அரைமணி வீதம் முன்தள்ளப்பெற்று, 1945இல் பழைய நிலையை அடைந்தது. பின்னர் 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றவே, மின்சாரத்தைச் சேமிக்கக் கருதி மே 25ஆந் திகதி ஒரு மணி முன்தள்ளினர். ஒக்டோபர் 26இல் அதில் அரைமணியைக் குறைத்தனர். எஞ்சிய அரைமணி பத்தாண்டு நிலைத்தது.

மாலையில் விளக்கேற்றுவது பிந்தும், மின்செலவு குறையும் என்பது அரசினர் எண்ணம். ஆயின் மாலையிலே கிடைத்த வெளிச்சம் காலையிலே இழந்த வெளிச்சமேயன்றோ? தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறரை மணியளவில் உதிக்கும் சூரியன், புதிய நேரப்படி ஏழு மணிக்கு உதித்தது. பாடசாலைப் பிள்ளைகள் இருளிலே புறப்பட்டனர்.

சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணுவது நம் பஞ்சாங்க மரபு. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஆகவே அரைமணி என்பது ஒன்றேகால் நாழிகை. திங்கட்கிழமை இராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை என்று மனனஞ் செய்தோர், அதை எட்டு முதல் ஒன்பதரை வரை எனத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. முகூர்த்தம் குறித்தால், “பழைய நேரமா, புதிய நேரமா?” என்னும் கேள்வி உடன் எழுந்தது.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலே பழைய நேரமே வழங்கிற்று. 2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டபின், ஓமந்தையைக் கடந்து வடக்கே செல்வோர் மணிக்கூட்டை அரைமணி பின்தள்ளினர். முகமாலையைக் கடந்து யாழ்ப்பாணம் புகுவோர் மீண்டும் முன்தள்ளினர். நிலத்தைப் பிரித்த யுத்தம் நேரத்தையும் பிரித்து வைத்தது.

2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்பிரல் 15இல், பழைய நேரம் திரும்பிற்று. நாழிகைக் கணக்கோ இடையில் மாறவேயில்லை. பிற நாட்டார் வழக்கத்தை ஏற்குமுன், நம் நாட்டுச் சூரியன் எப்பொழுது உதிக்கின்றான் என்று பார்த்துக்கொள்வது நம் கடமையாம்.