வேலை பறிபோன ஆசிரியர்களும் வாரம் ஒரு மலைநடையும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

ஸ்பெயின் என்றால் நமக்குக் கால்பந்தும் காளைச் சண்டையும்தான் உடனே நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அந்த நாட்டின் வேறொரு பழக்கத்தைப் பற்றி. வாரத்தில் ஒரு நாள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மலைக்கு நடக்கப் போவார்கள். தலைவர் கிடையாது, சந்தா கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. தலைநகர் மாட்ரிட்டில் மட்டுமே இப்படி எத்தனையோ குழுக்கள். இந்தப் பழக்கம் மாட்ரிட்டில் எப்படித் தொடங்கியது என்று தேடிப் போனால், அது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய பள்ளிக்கூடம். பயிற்சிப் பட்டயம் வாங்கி 36 வருடம் தொடக்கப் பள்ளியில் சாக்பீஸ் பிடித்த எனக்கு, இதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1875-க்குப் போவோம். ஸ்பெயினில் குடியரசு கவிழ்ந்து மன்னராட்சி திரும்பிய நேரம். கல்வியைக் கவனித்த அமைச்சர் ஒரோவியோ ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மன்னராட்சிக்கும் கத்தோலிக்க மதக் கோட்பாட்டுக்கும் மாறான எதையும் வகுப்பில் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். பேராசிரியர்கள் சிலர் மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ்கோ ஹினேர் தெ லோஸ் ரியோஸ், மாட்ரிட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். வயது 35. அவரைக் கைது செய்து, நாட்டின் தென்கோடியில் உள்ள காதிஸ் நகரக் கோட்டையில் அடைத்தார்கள். பதவியும் போயிற்று.

வெளியே வந்தவர், தன்னைப் போலவே வேலை இழந்தவர்களோடு சேர்ந்து 1876-ல் மாட்ரிட்டில் ஒரு கல்வி நிலையம் தொடங்கினார். சுதந்திரக் கல்வி நிலையம் என்று தமிழில் சொல்லலாம். அரசின் பணமும் வேண்டாம், திருச்சபையின் மேற்பார்வையும் வேண்டாம் என்பது அடிப்படை. உயர்கல்விக்கென்று தொடங்கியது, சில ஆண்டுகளில் சிறுவர் பள்ளியாக மாறிவிட்டது. பெரியவர்களைத் திருத்துவதைவிடச் சிறுவர்களிடமிருந்து தொடங்குவது மேல் என்று ஹினேர் முடிவு செய்தார். 1881-ல் அரசு மாறி, பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டார். பள்ளியை மட்டும் விடவில்லை.

அந்தப் பள்ளியில் தேர்வு இல்லை. மனப்பாடத்துக்குப் பாடப்புத்தகம் இல்லை. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய விஷயம், வெளியே போவது கால அட்டவணையிலேயே இருந்தது என்பதுதான். நாமும் சுற்றுலா அழைத்துப் போயிருக்கிறோம். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாள், பேருந்தில் பாட்டு, புளியோதரைப் பொட்டலம், இரவு வீடு. அது படித்ததற்குப் பரிசு. ஹினேருக்கோ வெளியே போவதுதான் பாடம். ஒரு வாரம் அருங்காட்சியகம், ஒரு வாரம் தொழிற்சாலை, ஒரு வாரம் மலை. பிள்ளைகள் குறிப்பேட்டோடு போனார்கள். திரும்பி வந்து பார்த்ததை எழுதினார்கள்.

மலை என்றால் குவாதர்ராமா. மாட்ரிட்டுக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர். உயரமான சிகரம் பெனியலாரா, 2,428 மீட்டர். நகரத்து மொட்டைமாடியிலிருந்தே பனி மூடிய முகடு தெரியும். ஆனால் ஆடு மேய்ப்பவர், மரம் வெட்டுபவர், கரி சுடுபவர், கணவாயைக் கடக்கும் வண்டிக்காரர் தவிர அங்கே வேலையற்றுப் போனவர் குறைவு. வழிப்பறிக்குப் பேர் போன இடம் வேறு. அந்த மலைக்குத்தான் 1883 கோடையில் ஹினேரும் அவருடைய மாணவராயிருந்து ஆசிரியரான கொஸ்ஸியோவும் பிள்ளைகளை நடத்தி அழைத்துப் போனார்கள். மலையைக் கடந்து அந்தப் பக்கம் செகோவியா வரை போய், அங்கிருந்து பயணம் இன்னும் நீண்டது. 1886-ல் மக்பெர்சன் போன்ற நிலவியல் அறிஞர்களும் இவர்களும் சேர்ந்து குவாதர்ராமாவை ஆராய ஒரு சங்கமே அமைத்தார்கள். பாறை, செடி, பறவை, மேய்ப்பர்களின் சொற்கள் எல்லாமே பாடம்.

இதே 1876-ல், நாட்டின் இன்னொரு மூலையான பார்சலோனாவிலும் இளைஞர்கள் சிலர் நடைச்சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள் என்பது வியப்பு. பின்னாளில் அது கதலோனிய நடைச்சங்கம் ஆனது. அவர்களுடைய நோக்கம் வேறு. பழைய கோயில்கள், நாட்டுப்பாடல்கள், ஊர்ப்பெயர்கள், தங்கள் கதலான் மொழி ஆகியவற்றை நடந்தே சேகரிப்பது. மாட்ரிட்காரர்கள் மலையில் அறிவியலைத் தேடினார்கள் என்றால், பார்சலோனாக்காரர்கள் தங்கள் தாய்மொழியைத் தேடினார்கள்.

ஆர்வம் மட்டும் இருந்தால் வாராவாரம் மலைக்குப் போய்விட முடியாது. போக வழி வேண்டும், ஓய்வு நாள் வேண்டும். 1888-ல் மலையடிவார ஊரான செர்செதில்யா வழியாகச் செகோவியாவுக்கு ரயில் வந்தது. 1904-ல் ஞாயிறு விடுமுறைச் சட்டம் வந்தது. 1919-ல் பார்சலோனா மின் நிறுவனத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 8 மணி நேர வேலைநாள் வந்தது. அதுவரை பேராசிரியரும் மாணவரும் போன மலைக்கு எழுத்தரும் அச்சகத் தொழிலாளியும் போகத் தொடங்கியது இப்படித்தான். மலைநடையின் வரலாற்றில் நடந்தவர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகப் போராடியவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

1913-ல் 12 நண்பர்கள் சேர்ந்து, சிகரத்தின் பெயரையே வைத்து 'பெனியலாரா' என்று ஒரு குழு அமைத்தார்கள். முன்னின்றவர் பெர்னால்தோ தெ கிரோஸ். குற்றவியல் அறிஞர், ஹினேரின் மாணவர். 12 பேர் குழு சில ஆண்டுகளில் பெரிய சங்கமாக வளர்ந்து, பத்திரிகை நடத்தி, மலையில் தங்குமிடங்கள் கட்டியது. 1923-ல் செர்செதில்யாவிலிருந்து நவசெர்ராதா கணவாய்க்கு மின்சார ரயில் ஏறியது. ஷ்மித் என்ற உறுப்பினர் பைன் காட்டுக்குள் அடையாளமிட்ட பாதையில் இன்றும் ஜனங்கள் நடக்கிறார்கள். அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஹினேர் 1915-ல் இறந்தார். அவருடைய பள்ளியில் படித்த கவிஞர் அந்தோனியோ மச்சாதோ எழுதிய இரங்கல் கவிதையில் குவாதர்ராமா மலை வருகிறது.

இனி வருவது வருத்தமான பகுதி.

1936 ஜூலையில் ராணுவக் கலகம், உள்நாட்டுப் போர். ஞாயிறுதோறும் ரொட்டிப் பொட்டலத்தோடு ஏறிய அதே கணவாய்கள் போர்முனை ஆயின. குடியரசுப் படையில் குவாதர்ராமா மலைப் பட்டாலியன் என்று ஒன்று இருந்தது. நடைச்சங்கங்களிலும் பனிச்சறுக்குச் சங்கங்களிலும் பழகிய இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். மலைப்பாதை தெரியும் என்பதே அவர்களுடைய தகுதி. அன்று வெட்டிய பதுங்குகுழிகளும் காங்கிரீட் காவல் அறைகளும் இன்னும் முகட்டில் கிடக்கின்றன.

ஃபிராங்கோ வென்றார். ஹினேரின் கல்வி நிலையம் தடை செய்யப்பட்டது. 1940-ல் அதன் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். பெர்னால்தோ தெ கிரோஸ் நாட்டை விட்டு வெளியேறி, 1959-ல் மெக்சிகோவில் இறந்தார். அரசு ஒவ்வொரு பள்ளி ஆசிரியரையும் விசாரணைக் குழு முன் நிறுத்தியது. என்ன கற்பித்தாய், எந்தப் பத்திரிகை படித்தாய், ஞாயிறு பூசைக்குப் போனாயா? பலருக்கு வேலை போயிற்று, பலரைத் தூரத்து ஊர்களுக்கு மாற்றினார்கள், சிலரைப் போரின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். 1875-ல் ஒரு சுற்றறிக்கையோடு முடிந்த விஷயம், இப்போது உயிரைக் கேட்டது.

சங்கங்கள் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கதலோனியச் சங்கங்கள் தங்கள் பெயரையே ஸ்பானியத்தில் மாற்ற வேண்டி வந்தது. ஆனாலும் மலைப்பாதையில் நாலு பேர் நடந்துபோகும்போது எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று யார் கேட்பது? பொது இடத்தில் ஒதுக்கப்பட்ட கதலான் மொழி அந்தப் பாதைகளில் தாராளமாகப் புழங்கியது. ஒரு தலைமுறை இளைஞர்கள் தங்கள் மொழிப் பாட்டுகளைக் கற்றது மலைமுகாம்களில்தான்.

என் மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். போன வருடம் இரண்டு மாதம் அவளோடு இருந்தபோது, அவள் குடியிருப்பில் இருந்த ஒரு பெரியவர் தங்கள் புதன்கிழமைக் குழுவோடு என்னையும் அழைத்தார். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். செர்செதில்யா ரயில் நிலையத்தில் கூடினோம். ஆளுக்கொரு வாரம் பாதையைத் தேர்ந்தெடுப்பார்களாம். கடைசியாக வருகிறவர் ஒருவர், அவர் முந்தவே மாட்டார். பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர்கள் நின்று, எல்லாரும் வந்தபின்தான் நகர்வார்கள். என் முழங்காலுக்கு ஏற்ற வேகத்தில் அன்று 12 பேரும் நடந்தார்கள். ஒருவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

நவசெர்ராதா போகும் சாலையில் நிலவியலாளர் நீரூற்று என்று ஒன்று இருக்கிறது. 1932-ல் மக்பெர்சன் உள்ளிட்ட நால்வர் நினைவாகக் கட்டியது. இன்னொரு புதன்கிழமை அங்கே தண்ணீர் பிடித்தபோது அந்தப் பெரியவர் தன் அத்தையைப் பற்றிச் சொன்னார். மகள் அலைபேசியில் எனக்கு மொழிபெயர்த்தாள். அத்தை கிராமத்துப் பள்ளி ஆசிரியை. போருக்குப் பிறகு வேலை போயிற்று, திரும்பக் கிடைக்கவே இல்லை. தையல் வேலை செய்து பிழைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறவுக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவார். "இது கருங்கல், இது சிலேட்டுக்கல், அது எந்தப் பறவை, கேட்டுச் சொல்." வகுப்பறையைப் பறித்தவர்களுக்கு அங்கே நடந்தது வகுப்பு என்று தெரியவில்லை. பெரியவர் பின்னாளில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பாறைகளின் பெயர் எல்லாம் அத்தை சொல்லித் தந்ததுதானாம்.

1930-லேயே பெனியலாரா உச்சியையும் லா பெத்ரிசா பாறைப் பகுதியையும் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தார்கள். மலைத்தொடரின் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது 2013-ல். இன்று சிக்கல் தலைகீழ். வார இறுதியில் கூட்டம் தாங்காமல் லா பெத்ரிசாவுக்குள் கார்களுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். புதன்கிழமைக்காரர்கள் ஏன் ரயிலில் வருகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கட்டடம், முத்திரை, சொத்து இருந்த நிறுவனத்தை ஒரே ஆணையில் பூட்ட முடிந்தது. நாலு பேர் வாராவாரம் சேர்ந்து நடக்கும் பழக்கத்தைப் பூட்ட ஆணை எழுதுவது கடினம். ஹினேரின் கல்வி நிலையத்தை அறக்கட்டளையாக மீட்டெடுக்க ஃபிராங்கோ இறந்தபின் வழி பிறந்தது. இடைப்பட்ட சுமார் 40 ஆண்டுகள் அந்தப் பாடத்தைச் சுமந்தவர்களில் அந்த அத்தையும் ஒருவர். அவர் பெயர் எந்த நீரூற்றிலும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர்களே, பென்ஷன் வாங்கியபின் கற்பிக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாரம் ஒரு காலை, நடக்கிற தூரத்தில் ஒரு குன்றோ கண்மாயோ இருந்தால் போய்வாருங்கள். குறிப்பேட்டை மறக்க வேண்டாம்.