மும்பை வீட்டில் கோழி வளர்க்கலாமா? கூண்டு முதல் பறவைக் காய்ச்சல் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊர்ல பாட்டி வீட்டுக் கொல்லையில் பார்த்த கோழிக்கூண்டு, இப்போ செம்பூர் வீட்டிலும் இருந்தா நல்லா இருக்குமே என்று தோன்றுகிறதா? ஆசை நியாயமானதுதான். ஆனால் மும்பையில் மழையும் எலியும் பக்கத்து வீட்டுக்காரரும் சம்மதிக்கணும்.

உங்கள் இடம் இதற்கு ஏற்றதா?

செம்பூரில் தரைத்தளத்தில் தனி வீடு, பின்னால் கொஞ்சம் மண் தரை என்றால் முயன்று பார்க்கலாம். மாட்டுங்கா அடுக்குமாடி பால்கனியோ, தாராவியின் நெருக்கமான சந்தோ சரிப்பட்டு வராது. கோழிக்கும் கஷ்டம், அக்கம்பக்கத்துக்கும் கஷ்டம்.

முதலில் ஹவுசிங் சொசைட்டியின் விதிகளைப் பாருங்கள். பிறகு மாநகராட்சி வார்டு ஆபீஸில் கேளுங்கள். செம்பூரின் பெரும்பகுதிக்கு எம்-வெஸ்ட், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எஃப்-நார்த், தாராவிக்கு ஜி-நார்த்.

சேவல் இல்லாமல் முட்டை கிடைக்குமா?

கிடைக்கும். பெட்டை முட்டையிட சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் தேவை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலி வரம்பு 45 டெசிபல். விடியும் முன்னே கூவும் சேவலுக்கு அது புரியாது. அதனால் சேவல் வேண்டாம்.

மூன்று பெட்டைகளோடு தொடங்குங்கள். ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், கோழி கூட்டமாக வாழும் பறவை. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகங்கள் உண்டு. முட்டைக்கு கிராமப்ரியா, முட்டை, கறி இரண்டுக்கும் வனராஜா.

கூண்டு எப்படி இருக்கணும்?

• ஒரு கோழிக்கு கூண்டுக்குள் 4 சதுர அடி, வெளியே உலாவும் அடைப்பில் 8 முதல் 10 சதுர அடி.

• ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். கூண்டின் தரை நிலத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயரமாக இருக்கட்டும். அடைப்புக்கும் கூரை போடுங்கள்.

• சாதாரணக் கோழி வலையைப் பெருச்சாளி கடித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் கம்பி வலையை வாங்கி, மண்ணுக்குள் ஓரடி புதையுங்கள்.

• தரையில் மூன்று நான்கு அங்குலத்துக்கு உமி பரப்பி, அடிக்கடி கிளறிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் உமி ஈரமாகிவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள்.

தீவனத்தில் என்ன கவனம்?

ஒரு கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். மூன்று கோழிக்கு மாதம் சுமார் 10 கிலோ. ஓடு கெட்டியாக இருக்க கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பூஞ்சை பிடித்த தீவனத்தை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அதில் உருவாகும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயம்: சிதறிய தீவனம் எலியை அழைக்கும். எலி சிறுநீர் கலந்த மழைநீரால்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. மும்பையில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்த நோய் தலைகாட்டும். தீவனத்தை மூடிபோட்ட இரும்பு டின்னில் வையுங்கள், இரவில் தட்டை எடுத்துவிடுங்கள். கொசு முட்டையிடாதபடி தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவுங்கள்.

நோய் வந்தால்?

வாங்கும்போதே வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டாச்சா என்று கேளுங்கள். கோழி சோர்ந்து நின்றால் தனியாகப் பிரித்து வையுங்கள். பரேலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம்.

பறவைக் காய்ச்சல் எங்கோ பண்ணையில் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜனவரியில் மகாராஷ்டிராவின் பர்பானி மாவட்டத்தில் பண்ணைக் கோழிகளிடம் அது உறுதியானது. அதே நாட்களில் மும்பையில் காகங்களிடமும் உறுதியானது. காகம் உங்கள் அடைப்புக்குள் நுழையக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

கோழிகள் திடீரென்று அடுத்தடுத்து இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், குப்பையில் வீசாதீர்கள். கால்நடைத் துறைக்கோ வார்டு ஆபீஸுக்கோ சொல்லுங்கள். சாதாரண நாளிலும் கூண்டைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கட்டுப்படியாகுமா?

நல்லா முட்டையிடும் மூன்று கோழி வாரத்துக்கு ஒரு டஜன் தரலாம். கூண்டு, தீவனச் செலவைக் கூட்டினால் கடை முட்டைதான் மலிவு. தினமும் காலையும் மாலையும் வேலை இருக்கும். நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தபிறகு கூண்டு வாங்குங்கள்.