கூடாரத்திலிருந்து குவிமாடத்துக்கு

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் எக்கோ பார்க் பகுதியில் 1923 ஜனவரி 1 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட ஏஞ்சலஸ் டெம்பிள், 5,300 பேர் உட்காரக்கூடிய ஆலயம். அதை எழுப்பிய ஏமி செம்பிள் மெக்ஃபர்சன் அதற்கு முன் பல ஆண்டுகள் அமெரிக்காவெங்கும் ஊர் ஊராகப் போய் எழுப்புதல் கூட்டம் நடத்தியவர். கூடாரத்துணி, முளை, கயிறு, விளக்கு என்று காரில் ஏற்ற முடிந்தவைதான் அன்று அவருடைய ஆலயம். நற்செய்தி வாசகம் எழுதிய அந்தக் காரே விளம்பரப் பலகையாகவும் இருந்தது. இப்படி ஓடிக்கொண்டிருந்த ஊழியம் நான்கு சுவருக்குள் போனதும் அடங்கிப்போயிருக்கும் என்றுதான் எண்ணத் தோன்றும். நடந்தது நேர்மாறு. நிலையான இடம் வந்த பிறகே அவருடைய ஒலியும் காட்சியும் முழு வீச்சில் நடமாடத் தொடங்கின என்பது என் வாதம்.

கூடாரத்தில் ஜனங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது பெரும்பாலும் பிரசங்கியார் ஒருவர்தான். நாளை மறுநாள் பிரித்து மூட்டை கட்ட வேண்டிய இடத்தில் வேறெதை நிறுத்த முடியும்? ஆலயத்திலோ ஞாயிறு இரவுகளில் காட்சிப் பிரசங்கம் நடந்தது. உடையும் மேடை அமைப்பும் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் மாறின. வேகமாகக் கார் ஓட்டியதற்காகத் தம்மைப் போலீஸ் பிடித்ததையே பொருளாக்கி, போலீஸ் உடுப்பில் மோட்டார் சைக்கிளோடு ஒரு முறை மேடைக்கு வந்தார். இது ஹாலிவுட் பக்கத்தில் இருந்ததால் வந்த பழக்கம் என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமாக முடியாது. அவர் 1918 இறுதியிலேயே அந்நகருக்கு வந்துவிட்டார், ஹாலிவுட் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தது. வாராவாரம் காட்சியை மாற்ற வேண்டுமானால் மாறாமல் நிற்கும் மேடை வேண்டும், கழற்றாத விளக்கு வேண்டும், எந்தக் கயிறு எங்கே என்று தெரிந்த ஆட்கள் வேண்டும். அதைக் கட்டடம்தான் தந்தது.

ஒலி விஷயத்தில் இது இன்னும் தெளிவு. உலகில் முதன்முதலாக ஒலிபரப்பான ஆலய ஆராதனை என்று சொல்லப்படுவது 1921 ஜனவரி 2 அன்று பிட்ஸ்பர்க் நகரின் கால்வரி ஆலயத்தில் நடந்தது. கேடிகேஏ வானொலி நிலையத்தார் கருவிகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். தொலைபேசிக் கம்பி வழியே ஒலி நிலையத்துக்குப் போயிற்று. உள்ளே வேலை பார்த்த பொறியாளர் இருவருக்கு, சபையாரின் கவனம் சிதறாதிருக்கப் பாடகர் குழுவின் அங்கியை மாட்டிவிட்டார்கள். ஒருவர் யூதர், மற்றவர் கத்தோலிக்கர். எனக்கு இந்த அங்கி முக்கியமாகப் படுகிறது. சுமந்து வந்த கருவி அந்த இடத்துக்கு விருந்தாளி. வேடம் போட்டுத்தான் உள்ளே நிற்க முடியும். ஏஞ்சலஸ் டெம்பிள் 1924 பிப்ரவரியில் கேஎஃப்எஸ்ஜி என்ற சொந்த நிலையத்தையே தொடங்கியது. ஆலயத்தின் மேல் வானொலிக் கோபுரங்கள் நின்றன, ஒலிபரப்பு ஆலயத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாயிற்று.

கருவி நிரந்தரமானால் அதுவே எஜமானாகிவிடும், கூடாரத்தில் வார்த்தை ஒன்றே பிரதானமாக இருந்தது என்று வருந்துவோர் உண்டு. பாதியை ஒப்புக்கொள்கிறேன். போன வாரக் காட்சியை மிஞ்சும் காட்சி இந்த வாரம் வேண்டும் என்ற நெருக்கடி கூடாரத்துக்கு இல்லை. ஆனால் கூடாரத்திலும் கருவி சும்மா இருக்கவில்லை. முளை அடிப்பது, காற்றில் கிழிந்த துணியைத் தைப்பது என்று ஊழியக்காரரின் பகலையெல்லாம் அதுதான் தின்றது. இன்னொன்று, ஊர் ஊராகப் போனபோது பெரும்பாலும் தம் குரல் எட்டிய தூரத்தில் இருந்தவர்களுக்கே அவர் பேச முடிந்தது. எக்கோ பார்க்கில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, வீட்டில் படுத்திருந்த நோயாளிகளை வானொலிப் பெட்டியின் மேல் கை வைத்துத் தம்மோடு ஜெபிக்கச் சொன்னார்.